மழைமானியும் மினாராவும்: ஊவா மலைச்சரிவில் எச்சரிக்கையின் வரலாறு

மழையை அளப்பது ஒரு வேலை. அளந்ததை யாருக்குச் சொல்வது என்பது இன்னொரு வேலை. முதலாவது வேலைக்கு நூல்களில் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாவதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்த மக்களுக்கும், அந்த மலைகளின் அடிவாரத்தில் கடை வைத்து, பள்ளி கட்டி, குடியிருந்த எங்கட ஆக்களுக்கும் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி இந்த இரண்டாவதுதான். அதனால் இக்கட்டுரையை அதன் பக்கமிருந்தே எழுதுகிறேன்.

நகரத்துத் தெருக்களில் வெள்ளம் நிற்பதைத் தடுக்க இப்போது உலகமெங்கும் உணரிகளைப் பொருத்துகிறார்கள். சென்சர் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விளங்கும். வடிகானுக்கு மேலே ஒரு சிறு பெட்டி இருக்கும். அது கீழே ஒலியலையை அனுப்பி, அந்த அலை தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிடும். மட்டம் ஏற ஏற, கணக்குக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்க்கொண்டிருக்கும். எந்த மதகைத் திறப்பது, எந்தப் பம்பியை ஓட்டுவது, எந்தச் சுரங்கப்பாதையை மூடுவது என்று அங்கே இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள். 2015இன் பெருவெள்ளத்தில் அடிபட்ட சென்னைக்கு 2019இல் சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறை வந்தது. 2020 ஜூன் மாதம் மும்பைக்கு ஐ-ஃப்ளோஸ் வந்தது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைக் கண்ட கொழும்பில், 2012இல் உலக வங்கிக் கடனோடு வெள்ளக் கட்டுப்பாட்டுத் திட்டமொன்று தொடங்கப்பட்டது.

பதுளை நகரம் சுற்றிலும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. நமுனுகுலைப் பக்கமும் மற்ற மலைகளிலும் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தவில் விழுந்து, மகாவலிக்குப் போகிறது. ஆகவே எங்கட தெருவில் நிற்கும் தண்ணீருக்குப் பிறந்த இடம் தெரு இல்லை. மேலே இருக்கிற மலை. மலையில் மண் அரித்தால் கீழே கான் தூர்ந்துபோகும். கான் தூர்ந்தால் கடைக்குள் தண்ணீர் வரும். மலையே கழன்று இறங்கினால் தண்ணீரோடு லயமும் வரும். சமவெளி நகரங்களில் உணரியை வடிகானில் வைக்கிறார்கள் என்றால், ஊவாவில் அதை மலைச்சரிவில் வைத்தாக வேண்டும்.

ரவ்ழாத் தீவின் தூண்

நீர்மட்டத்தை அளந்து அதன்படி ஆட்சி நடத்திய வரலாற்றில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கெய்ரோவில் நைல் நதியின் நடுவே உள்ள ரவ்ழாத் தீவில் மிக்யாஸ் என்ற நீரளவை மண்டபம் இன்றும் நிற்கிறது. அப்பாஸியக் கலீபா அல்முதவக்கிலின் காலத்தில் கி.பி. 861இல், அதாவது ஹிஜ்ரி 247இல், கட்டப்பட்டது. வானியல் அறிஞர் அல்பர்கானியின் பெயர் இந்தப் பணியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கல்லால் கட்டிய ஆழமான கிணறு. நடுவில் முழக்கணக்கு வெட்டிய எண்கோணப் பளிங்குத் தூண். நைல் நீர் உள்ளே வர வெவ்வேறு உயரங்களில் மூன்று சுரங்க வழிகள். நீரையும் பயிரையும் பற்றிய குர்ஆன் வசனங்கள் சுவரில் பொறிக்கப்பட்டன. அன்றைய தொழில்நுட்பத்தில் அதுவே உணரி.

நைல் 16 முழம் ஏறினால் விளைச்சல் நன்றாக இருக்கும், முழு நிலவரியும் அறவிடலாம். அதற்குக் குறைந்தால் பஞ்சம் நெருங்கும். மிதமிஞ்சி ஏறினால் ஊர் மூழ்கும். தூணைப் பார்த்து அளவு சொல்லும் பொறுப்பு இப்னு அபிர்ரத்தாத் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய வழித்தோன்றல்கள் பல நூற்றாண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்கள்.

அந்த அளவு யாருக்குப் போனது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. பாத்திமிய்ய ஆட்சியாளர் அல்முயிஸ் எகிப்துக்கு வந்தபின், ஹிஜ்ரி 362இல், நைலின் ஏற்றத்தைத் தெருவில் கூவி அறிவிப்பதைத் தடை செய்தார். 16 முழம் நிறையும்வரை கணக்கைத் தனக்கும் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டும் எழுதி அனுப்பும்படி கட்டளையிட்டார். வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ இதைப் பதிவு செய்திருக்கிறார். நதி ஏறத் தாமதித்தால் சனங்கள் பயந்து தானியத்தைப் பதுக்குவார்கள், விலை ஏறும் என்பது அந்தத் தடைக்கான நியாயம். 'சொன்னால் பதற்றம் வரும்' என்று இன்று அதிகாரிகள் சொல்லும் அதே நியாயத்துக்கு ஆயிரம் வயது தாண்டிவிட்டது.

பிறகு காலம் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், எகிப்தியரின் வழக்கங்களைப் பற்றி 1836இல் வெளிவந்த தமது நூலில், நைலின் முனாதியைப் பற்றி எழுதுகிறார். முனாதி என்றால் கூவி அறிவிப்பவர். நதி ஏறும் பருவத்தில் அவர் ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு நாள்தோறும் தெருத் தெருவாகப் போய், இன்றைக்கு நைல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வீட்டு வாசல்களில் அறிவிப்பார். தூண் ஒன்றுதான். அரசனுக்கு மட்டும் பேசியபோது அது வரிக்கணக்காக இருந்தது. வாசலில் வந்து பேசியபோது பொதுச்சொத்தாயிற்று.

அளத்தலும் அறிவித்தலும் ஒரே இடத்தில் இருந்த இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருந்தது. மம்லூக்குகளின் காலத்துப் பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற நேரக் கணிப்பாளர் இருந்தார். டமஸ்கஸ் உமையாப் பள்ளியின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாதிர் 14ஆம் நூற்றாண்டின் பெரிய வானியலாளர்; அப்பள்ளியின் மினாராவில் அவர் செய்த சூரியக் கடிகாரம் பொருத்தப்பட்டிருந்தது. கருவி மினாராவில் இருந்தது. அறிவிப்பும் மினாராவிலிருந்துதான் எழுந்தது. இடையில் கோப்பு இல்லை, அலுவலகம் இல்லை.

தொரை பங்களாவின் மழைக் கணக்கு

இனி ஊவாவுக்கு வருவோம். தோட்டங்கள் வருமுன், இந்த மலைகளில் சரக்கு கொண்டு போனவர்களில் முஸ்லிம் தவளக்காரர்கள் முக்கியமானவர்கள். பொதிமாட்டுக் கூட்டத்தோடு கரையோரத்து உப்பையும் துணியையும் மேலே ஏற்றி, மலையின் பாக்கையும் மற்றவற்றையும் கீழே இறக்கினார்கள். எந்த ஆற்றில் வெள்ளம், எந்தப் பாதை உடைந்திருக்கிறது என்ற செய்தியும் அவர்களுடைய வாய்வழியாகத்தான் ஊருக்கு ஊர் போயிருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தைப் பற்றி முன்கூட்டியே அறிய அன்று வேறு வழி இல்லை.

1840இன் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் காட்டு நிலங்களை அரசுக்குரியதாக்கி, அவை தோட்டக்காரருக்கு விற்கப்பட வழி திறந்தது. காடு வெட்டப்பட்டது. முதலில் கோப்பி. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார். 1924இல் ரயில் பதுளையை எட்டியது. தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட மக்கள் லயக் காம்பராக்களில் குடியமர்த்தப்பட்டார்கள். லயத்தை எங்கே கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் அங்கே படுத்துறங்கப் போகிறவர்கள் இல்லை. மலைச்சரிவின் நடுவிலும், ஓடையின் ஓரத்திலும், மலைக்கும் ஸ்டோருக்கும் நடந்துபோக வசதியான இடங்களில் நீள நீளமாகக் கட்டினார்கள்.

மழையை அளப்பது தோட்டத்துக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நில அளவைத் திணைக்களம் இலங்கையில் மழை அளவுகளைப் பதியத் தொடங்கிவிட்டது. 1907இல் கொழும்பு வானிலை ஆய்வகம் ஏற்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய வளிமண்டலவியல் திணைக்களம். தோட்டங்களும் தம் பங்குக்கு மழைமானி வைத்து, காலையில் அளந்து, அங்குலக் கணக்கில் புத்தகத்தில் எழுதின. எப்போது உரம் போடுவது, எப்போது கவ்வாத்து வெட்டுவது, அடுத்த மாதம் எத்தனை இறாத்தல் கொழுந்து வரும் என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்குத் தேவைப்பட்டது. ரவ்ழாத் தூணைப் போலவே அதுவும் வருமானத்தின் கணக்கு. லயத்துக்கு அது இறங்கி வரவில்லை.

எங்கட வாப்பா தோட்டத்துக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடன் கொப்பியின் ஓரத்தில் அவரும் மழை எழுதுவார். 'நல்ல மழ', 'விடாத மழ', 'கான் நெறஞ்ச மழ' என்று மூன்று அளவுதான் அவரிடம் இருந்தது. "மூணாவது மழ பேஞ்சா அடுத்த நாள் யாவாரம் இல்ல. சனம் மேலயிருந்து எறங்கேலாது" என்பார். அவருடைய கணக்கு விஞ்ஞானமில்லை. ஆனால் அதில் மனிதர் நடந்துவரும் பாதை இருந்தது. தோட்டத்துப் புத்தகத்தில் கொழுந்து இருந்தது.

தோட்டத்துக்கு ஒரு முனாதியும் இருந்தார். விடியற்காலையில் தப்படித்து லயத்தை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு ஆள் சேர்ப்பார்கள். சில நிமிடத்தில் ஒரு மலை முழுவதையும் எழுப்பக்கூடிய ஏற்பாடு அது. வேலைக்கு அழைக்க அந்தத் தப்பு ஒருநாளும் தவறவில்லை. மழை கூடிய இரவில் 'வெளியேறு' என்று சொல்வதற்கு அப்படியொரு ஏற்பாடு வகுக்கப்படவில்லை.

வகுக்கப்பட்ட பாதுகாப்பு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: கான் வெட்டு. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டி, மழை நீரை மண்ணுக்குள் ஊறவிடாமல் ஓடைக்குத் திருப்பிவிடுவார்கள். தூர்ந்த கானைத் துப்புரவாக்கத் தனியாக ஆள் போடுவார்கள். தேயிலைக்கு உரமான மேல்மண் கழுவிப் போகாமலிருக்கச் செய்ததுதான் இது. இருந்தாலும் மலையையும் அது தாங்கியது. கான் அடைபட்டால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். மண்ணின் பாரம் கூடும். மண் துகள்களுக்கு இடையில் நீரழுத்தம் ஏறி, அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். மண்சரிவு என்பதன் சுருக்கம் இவ்வளவுதான்.

மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. ஹல்தும்முல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை. காலை ஏழு மணி கடந்து சிறிது நேரத்தில் மலை இறங்கியது. லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பிள்ளைகள் சிலர் பாடசாலைக்கும் பெரியவர்கள் சிலர் வேலைக்கும் புறப்பட்டுவிட்டபடியால் அவர்கள் தப்பினார்கள். முதல் நாள் செய்திகள் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் சொன்னன. பின்னர் இறந்தும் காணாமலும் போனவர்கள் 37 பேர் என்று கணக்கெடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோரின் உடல் கிடைக்கவில்லை.

அந்த இடம் ஆபத்தானது என்பது முன்னரே தெரிந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தைப் படமாக்கும் பணியை 1990இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு தொடங்கியபோது, முதலில் தெரிவான இரு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். மீரியபெத்தை மக்கள் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. அனர்த்தம் நடந்த பிறகு, 'சொன்னோம், அவர்கள் போகவில்லை' என்று ஒரு பேச்சு எழுந்தது. 'போகச் சொன்னீர்கள், எங்கே போவது' என்று மறுபேச்சும் எழுந்தது.

இந்த மறுபேச்சை நிதானமாகக் கேட்க வேண்டும். லயம் தொழிலாளியின் சொத்தில்லை. நிலம் அரசினுடையது, 1992க்குப் பிறகு தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. லயத்தைவிட்டு வெளியேறினால் அடுத்த நாள் பெயர் போடப்படுமா, வேறு காம்பரா கிடைக்குமா, பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகும் என்ற கேள்விகளுக்கு எந்த எச்சரிக்கைக் கடிதத்திலும் பதில் எழுதப்படவில்லை என்றால், அந்தக் கடிதம் பாதிக் கடிதம்தான். உயிர் தப்பியவர்கள் மக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டு வருடம் தங்கியிருந்தார்கள். பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல். அந்த வீடுகள் 2011இல் கட்டப்பட்டிருந்தால் மீரியபெத்தை என்ற பெயரை இன்று தோட்டத்துக்கு வெளியே யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இன்றைய கருவிகள்

2014க்குப் பிறகு கருவிகள் பெருகின. இன்று மலைநாட்டு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன. பெரும்பாலான தானியங்கி மழைமானிகளின் உள்ளே தராசு போன்ற இரு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்தலும் ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு. கவிழ்தல்களை எண்ணி, தொலைபேசி வலையமைப்பின் வழியே அனுப்பிவிடும். சூரியத்தகடும் பட்டரியும் போதும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் எல்லைகளை நம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ, வெளியேறிவிட வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றால் ஒரு சாணுக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். அப்படியானால் 150 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கர் மலைமேல் 6 இலட்சத்து 7 ஆயிரம் லீற்றர் தண்ணீரை இறக்குகிறது. 10,000 லீற்றர் கொள்ளும் பவுசரில் ஏற்றினால் 60 பவுசர். ஒரு தோட்டத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும். தூர்ந்த கானால் அதில் எவ்வளவு வெளியேறும், எவ்வளவு உள்ளே இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதுளை நகருக்குப் பக்கத்திலேயே பதுலுசிறிகமவில் இன்னும் நுட்பமான வேலை நடந்திருக்கிறது. பசறை வீதியில் 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை அடுத்த சரிவு மெல்ல மெல்ல நகரும் சரிவு. ஜப்பானின் ஜய்க்கா உதவியோடு 2014இல் தொடங்கிய திட்டத்தின் மாதிரி இடங்களில் ஒன்றாக அது தெரிவானது. நகரும் நிலத்துக்கும் அசையாத நிலத்துக்கும் இடையில் கம்பி கட்டி, விரிசல் எத்தனை மில்லிமீற்றர் அகல்கிறது என்று பார்க்கும் நீட்சிமானி, துளைக் கிணற்றில் நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் கருவி, அருகில் மழைமானி. இவை தந்த கணக்கை வைத்து, நிலத்துக்குள் துளையிட்டுக் குழாய் செலுத்தி, உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே வடித்தார்கள். நம் தோட்டத்துக் கான் வெட்டை நிலத்துக்கு உள்ளே செய்த மாதிரி. அளந்தார்கள், அளந்தபடி செயலும் செய்தார்கள். ஒரு மலையைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதற்கு வேறு நாட்டுக்குப் போகத் தேவையில்லை. பசறை பஸ்ஸில் ஏறினால் போதும்.

எல்லா லயத்துக்கும் மேலே இதைச் செய்ய முடியுமா? முடியாது. கேரளத்து மூணாறு இதற்கு உதாரணம். அங்கும் தேயிலை, அங்கும் தமிழ்த் தொழிலாளர், அங்கும் லயம். 2009ஆம் ஆண்டளவில் அம்ரிதா பல்கலைக்கழகத்தார் மூணாறின் அந்தோணியார் காலனிச் சரிவில் கம்பியில்லா உணரிகளை நிலத்துக்குள் புதைத்து, மண்சரிவை முன்னறியும் முறையொன்றை அமைத்தார்கள். இந்தியாவுக்கே அது முன்னோடி. ஆனால் 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு, அதே மூணாறு மலைத்தொடரில் பெட்டிமுடி என்ற இடத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்ததால் செய்தி வெளியுலகை அடையவே மறுநாள் காலையாயிற்று. ஒரு சரிவில் உணரி இருந்தது. மற்ற லயத்துக்கு, மலை விழுந்ததைச் சொல்லக்கூட ஒரு வழி இல்லை.

தமிழும் போகும் இடமும்

2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா ஆகியவற்றோடு பதுளையும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம். பாதை உடைந்தது, மின்சாரம் போனது, கோபுரங்கள் செயலிழந்து தொலைபேசி ஊமையானது. எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தி வந்தன என்று பலர் முறையிட்டார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பிறகும் ஒரு தாய் இரவு பதினொரு மணிக்கு, தனக்குத் தெரியாத மொழியில் வந்த குறுஞ்செய்தியைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையிடம் காட்டி வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தால், மழைமானி எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

ஆக, கருவிக்குப் பிறகு மூன்று கேள்வி நிற்கிறது. செய்தி எந்த மொழியில் வருகிறது? மின்சாரமும் சிக்னலும் போன பிறகு யார் சொல்வார்? சொன்ன பிறகு எங்கே போவது? பதுளை மாவட்டத்தில் மூன்றுக்கும் கொஞ்சமாவது பதில் வைத்திருக்கக்கூடிய இடம் பள்ளிவாசல் என்பது என் அபிப்பிராயம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, பசறை, லுணுகலை ஆகிய நகரங்களிலும், குருத்தலாவை, சில்மியாபுர போன்ற ஊர்களிலும் நமக்குப் பள்ளிகள் இருக்கின்றன. ஒலிபெருக்கி இருக்கிறது. பல இடங்களில் மின்சாரம் நின்றால் மாற்றுக்கு ஜெனரேட்டரோ பட்டரியோ இருக்கிறது. ஒரு நாளில் ஐந்து தடவை கட்டாயம் வந்துபோகிற முஅத்தின் இருக்கிறார். மண்டபமோ மத்ரஸாக் கட்டடமோ இருக்கிறது. அடிவாரத்துக் கடைத்தெரு என்பதால், தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவருக்கு முதலில் தென்படுவதும் பல இடங்களில் நம் கடையும் பள்ளியும்தான்.

செலவும் பெரிதில்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். உள்ளே நிற்கும் நீரின் உயரமே மில்லிமீற்றர் கணக்கு. மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் அதை வைத்து, மழை நாளில் ஒவ்வொரு தொழுகைக்கும் முஅத்தின் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினால், நாளைக்கு ஐந்து அளவு கிடைக்கும். தானியங்கி மழைமானிக்கு அது மாற்றாகாது. சிக்னல் போன இரவுக்குத் துணையாகும். 75 வந்தால் கிராம உத்தியோகத்தருக்கும் மேலே தோட்டத்துக் கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு சொல். 100 வந்தால் ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்பு. 150 வரும்வரை காத்திராமல் மண்டபத்தின் கதவைத் திறந்து, விளக்குப் போட்டு, அடுப்பு மூட்டி, 'வாங்க' என்று சொல்வது. போக இடம் இருக்கிறதென்று தெரிந்தால்தான் மனிதர் வீட்டைவிட்டுக் கிளம்புவார். உடைமையைக் காக்க ஆண்கள் லயத்தில் தங்கிவிடாமலிருக்க, பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் வேண்டும். இதைத் தோட்ட இளைஞர்களோடு முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

கருவி சொல்லாத அறிகுறிகளையும் அந்தக் கொப்பி ஏற்க வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, ஓடை மழைக்குள்ளேயே வற்றிப்போவது, மரமும் மின்கம்பமும் சாய்வது: இவற்றை முதலில் காண்பவர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண். அவர் வந்து சொல்ல ஓர் இடமும், சொன்னதை எழுதிக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் அவரே நல்ல உணரி. இரு பக்கமும் செய்தி போக வேண்டும். கெய்ரோவின் முனாதி மேலிருந்து கீழே மட்டும் செய்தி கொண்டுவந்தார். நாம் கீழிருந்து மேலேயும் கொண்டுபோகலாம்.

இதனால் அரசின் பொறுப்போ கம்பனியின் பொறுப்போ ஒரு துளியும் குறையாது. அபாயப் படத்தில் சிவந்திருக்கும் லயங்களிலிருந்து மக்களைக் காணியோடும் உறுதியோடும் குடியமர்த்துவது அவர்களுடைய கடமை. தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று பேசப்படுகிற நிலம் பாதுகாப்பான சரிவில் இருக்கிறதா என்று கேட்பது நம் எல்லோருடைய கடமை. அதுவரை மழை காத்திருக்காது. ஊவாவின் பெரும் மழை ஒக்டோபரில் பிறக்கும்.

ஊரில் ஒரு மௌத் விழுந்தால், பள்ளி ஒலிபெருக்கி சில நிமிடத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. பிள்ளை காணாமல் போனாலும் சொல்கிறது. மௌத்தை அறிவிக்கும் அந்தக் குரல், மௌத் வருமுன்னும் ஒருமுறை பேசட்டும். இந்தச் செப்டம்பரில் ஒவ்வொரு நிர்வாக சபையும் தன் ஊரின் சரிவையும், மேலேயுள்ள லயங்களையும், திறக்கக்கூடிய மண்டபத்தையும் ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, முஅத்தினின் அறையில் வைக்கலாம். பக்கத்தில் ஒரு பாத்திரம், ஓர் அடிமட்டம். இவ்வளவு இருந்தால் தொடங்கப் போதும்.